மேசையில் இருந்தவனுக்கு ஏன் வாசற்காவல்? மலையக நிறுவனங்களின் மனிதவளப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருந்தோட்டக் கம்பனிகள், சுற்றுலா விடுதிகள், ஆடைத் தொழிற்சாலைகள் என மலையகத்தில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் இடங்களில் மனிதவளப் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு,

உங்களில் ஒருவரது அலுவலகம் மனிதவள உதவியாளர் தேவை என்று விளம்பரம் போட்டிருந்தது. உயர்தரம், மூன்று மொழி, கணினி அறிவு, ஆளணிப் பதிவேடுகளைப் பேணிய அனுபவம் ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். நான்கும் என்னிடம் இருந்தபடியால் விண்ணப்பித்தேன். பிறகு வந்த தொலைபேசி அழைப்பில் என்னிடம் கேட்ட முதற் கேள்வி இது: "நீங்க ஆமியில இருந்தவர்தானே? எங்களுக்கு செக்கியூரிட்டி சுப்பவைசர் ஒருத்தர் தேவைப்படுது, அதுக்கு வர்றீங்களா?" நான் விண்ணப்பித்த பதவி வேறு என்றேன். எச்.ஆர். பக்கம் படையில் இருந்தவர்களை எடுப்பதில்லை, அது மேலிடத்து முடிவு என்று பதில் வந்தது. எழுத்தில் தரமுடியுமா என்று கேட்டேன். அழைப்பு அத்தோடு முடிந்தது.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு நிறுவனத்தின் குறையாகச் சுருங்கிவிடும். ஹட்டனில் கேட்டாலும் பண்டாரவளையில் கேட்டாலும் என்னோடு ஓய்வுபெற்றவர்கள் சொல்வது இதே கதைதான். சிலர் வேறு வழியில்லாமல் அந்தக் காவல் வேலையை எடுத்துக்கொண்டு, இரவில் கேட் அருகே உட்கார்ந்து வாகன இலக்கம் எழுதுகிறார்கள். காவல் வேலை இழிவானதல்ல. ஆனால் இருபது வருடம் ஆளணிக் கோப்பு பார்த்தவரைக் கொண்டுபோய் அங்கே உட்காரவைப்பதை என்னால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா ஃபெக்டரியில் வேலை செய்தவர். 2002இல், போர்நிறுத்தம் வந்த வருடம், படையில் சேர்ந்தேன். தோட்டத்துப் பிள்ளை ஆமிக்குப் போனதை லயத்தில் எல்லோரும் நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. அவர்களுக்கும் காரணம் இருந்தது, அது இந்த மடலுக்கான விசயமல்ல. பயிற்சி முடிந்ததும் எழுதுவினைஞர் பிரிவில் போட்டார்கள். அதிகாரி அல்லாத படையினருக்கு 22 வருடச் சேவை முடிந்தால்தான் ஓய்வூதியம். அதை முடித்து, ஸ்டாஃப் சார்ஜன்ட் தரத்தில் வெளியே வரும்வரை என் இடம் மேசைதான்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று உங்களில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

விடிந்ததும் ஆட்கணக்கு தயாராக இருக்க வேண்டும். முகாமில் நிற்பவர், லீவில் போனவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், பயிற்சிக்குப் போனவர், வேறு பிரிவோடு இணைக்கப்பட்டவர், அறிவிக்காமல் வீட்டில் நிற்பவர் எல்லாரையும் கூட்டிப் பார்த்தால் ஒரு ஆள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சமையலறையில் போடும் அரிசி முதல் மாதச் சம்பளம் வரை அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஒருவர் கல்யாணம் கட்டினால், பிள்ளை பிறந்தால், பதவி உயர்ந்தால், தண்டனை பெற்றால், பெயரில் ஓர் எழுத்து மாறினால்கூட அது பகுதி இரண்டு கட்டளை என்ற, ஆளணி மாற்றங்களைப் பதியும் ஆவணத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் படிக்காசு வராது, படிக்காசு வராவிட்டால் அந்த ஆள் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். லீவு யாருக்கு முதலில் என்ற சண்டையைத் தீர்ப்பது, வருடாந்த மதிப்பீட்டுப் படிவங்களைத் துரத்திப் பிடிப்பது, பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் பட்டியலைச் சேவை மூப்பின்படி அடுக்குவது, ஓய்வுபெறப் போகிறவரின் கோப்பில் இடைவெளி இருக்கிறதா என்று நேரத்தோடே தேடுவது எல்லாம் எங்கள் வேலை. நீங்கள் இப்போது காசு கட்டி வாங்கும் மென்பொருள் செய்வதை நாங்கள் முதலில் தடித்த பதிவேட்டிலும் பிறகு கணினியிலும் செய்தோம்.

ஒழுக்காற்று விசயத்துக்கு வருவோம். 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின் கீழ் ஒருவர் மீது குற்றச்சாட்டு வந்தால் அந்தத் தாளைத் தயாரிப்பது எழுத்தர். திகதி, நேரம், இடம், எந்தப் பிரிவு, சாட்சி யார் என்பதில் ஒன்று பிழைத்தாலும் தாள் திரும்பி வரும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்னால் வைத்து அதை வாசிக்க வேண்டும், அவர் சொல்வதை எழுத வேண்டும். படையில் எல்லா விசாரணையும் நியாயமாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதிகாரியின் மனநிலையைப் பார்த்துத் தீர்ப்பு மாறியதையும் கண்டிருக்கிறேன். ஆனால் என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் யாரும் உள்ளே போனதில்லை. எங்கள் தோட்டப் பக்கத்தில் அண்மையில் ஓர் அக்கா என்னிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அவரிடம் விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பியது, முழுவதும் ஆங்கிலத்தில். எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பதில் கொடுக்க வேண்டிய திகதி முந்தின நாளே கடந்துபோயிருந்தது. கடிதத்தை எழுதியவருக்கு மனிதவளத்தில் பட்டம் இருக்கலாம், அனுபவமும் இருக்கலாம்.

2006 தொடங்கி 2009 மே வரை என் மேசைக்கு வந்த கோப்புகளைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. இறந்தவரின் கோப்பை முடிப்பது ஒரு தனி வேலை. நெருங்கிய உறவினர் என்று பெயர் கொடுத்திருப்பது தாயை, பிறகு கல்யாணம் கட்டியிருப்பார், கோப்பில் மாற்றியிருக்கமாட்டார். தாயும் மனைவியும் ஒரே நாளில் வந்து இரண்டு வாங்கில்களில் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்பதை விதி சொல்லும். அதை அந்த இரண்டு பேரிடமும் எப்படிச் சொல்வது என்று எந்த விதியிலும் இல்லை. என் சட்டையில் இருந்த தமிழ்ப் பெயரை வாசித்துவிட்டு பேச்சை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். அவர்களிடமும் ஆவணங்களைக் கேட்டு வாங்கி, குறையை எழுதிக் கொடுத்து, அடுத்த முறை எந்தத் தாளோடு வரவேண்டும் என்று சிங்களத்தில் விளக்கி அனுப்பினேன். மனக்கசப்போடு வரும் ஊழியரிடம் எப்படிப் பேசுவது என்று நேர்முகப் பரீட்சையில் நீங்கள் கேட்கும் கேள்விக்கு நான் அங்கிருந்துதான் பதில் சொல்ல முடியும். அந்த நேர்முகத்துக்குத்தான் என்னைக் கூப்பிடவில்லையே.

என்னிடம் இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். முகாமில் தொழிற்சங்கம் கிடையாது, கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. மேலிருந்து வரும் சொல்லுக்குக் கீழே மறுசொல் இல்லாத இடம் அது. தோட்டத்தில் அப்படியில்லை; சங்கத் தலைவர் வந்து ஒஃபிஸ் வாசலில் நின்றால் தோட்டத்து முகாமையாளரான துரையும் எழுந்து வந்து பேச வேண்டும். படையினருக்கு ஓய்வூதியம் உண்டு என்பதால் ஊழியர் சேமலாப நிதியோ நம்பிக்கை நிதியமோ எங்கள் மேசைக்கு வருவதில்லை. ஓய்வுபெற்ற பிறகு இவற்றை உட்கார்ந்து படித்தேன். சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் வேலைகொள்வோர் நூற்றுக்கு 12, ஊழியர் 8. நம்பிக்கை நிதியத்துக்கு வேலைகொள்வோர் 3. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும், ஐந்து வருடச் சேவை வேண்டும், சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆகக்குறைந்த ஓய்வு வயது 60 என்று 2021இல் சட்டம் வந்தது. இவை படித்தால் வருபவை, யாரும் படிக்கலாம். கோப்பில் ஓர் இடைவெளியைக் கண்டால் நித்திரை வராத பழக்கம் படித்து வருவதில்லை.

படையில் இருந்தவர்களை எச்.ஆர். பக்கம் எடுப்பதில்லை என்று சொன்னீர்கள் அல்லவா? அது உண்மையுமில்லை. உங்களில் பலரது நிறுவனங்களில் ஓய்வுபெற்ற மேஜரோ கேணலோ நிர்வாக முகாமையாளர் என்ற பெயரில் இருக்கிறார். சில இடங்களில் மனிதவளமும் அவருக்குக் கீழேதான். ஏன் எடுத்தீர்கள்? ஆட்களை அடக்கி வைத்திருப்பார், சங்கத்துக்காரர் சத்தம் போடமாட்டார்கள் என்ற நினைப்பில் எடுத்தீர்கள். எங்களை வாசலில் நிறுத்துவதும் அதே நினைப்புத்தான். சீருடை என்றால் மிரட்டல்; பெரிய சீருடை உள்ளே இருந்து மிரட்டட்டும், சின்னச் சீருடை வெளியே நின்று மிரட்டட்டும். அந்த மேஜருக்குக் கீழே கோப்பை எழுதியவர் யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் சனங்களுக்கு ஆமிக்காரர் ஒருவர் ஒஃபிஸில் உட்காருவதில் பயம் இருக்கிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். இந்த நாட்டில் தமிழர்களுக்குச் சீருடையோடு இருக்கும் நினைவுகள் இலேசானவை அல்ல. ஆனால் பயத்துக்கு மருந்து அடக்குவதற்கென்றே ஆள் எடுப்பதை நிறுத்துவது. தமிழில் பேசி, தமிழில் எழுதிக்கொடுத்து, சம்பளத் துண்டில் ஏன் இவ்வளவு வெட்டு என்று கேட்டால் வரிவரியாக விளக்கும் ஒருவரைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

மலையகத்துக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். இங்குள்ள தொழிலாளியின் ஆளணிக் கோப்பு சாதாரணக் கோப்பல்ல. 1948இல் குடியுரிமை பறிபோன மக்களின் பிள்ளைகள் இவர்கள். அந்தப் பிரச்சினையை முடிக்கும் சட்டம் 2003 வரை இழுபட்டது. பிறப்புச் சான்றிதழ் பிந்தி எடுத்தவர், அடையாள அட்டை அதைவிடப் பிந்தி எடுத்தவர், ஒரு தாளில் ஒரு வயதும் பெயரும் இன்னொன்றில் வேறு வயதும் பெயருமாக இருப்பவர் என்று ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் மீண்டும் கம்பனிகளின் கைக்கு வந்தன. இப்போது 60 வயதில் ஓய்வுபெறும் ஒருவர் அரச நிர்வாகத்தின் கீழ் பேர் பதிந்து, கம்பனி நிர்வாகத்தின் கீழ் வேலையை முடித்தவராக இருப்பார். முதல் எட்டுப் பத்து வருடத்துச் செக்ரோல், அதாவது வரவும் சம்பளமும் பதிந்த பதிவேடு, எங்கே என்று கேட்டால் ஒஃபிஸில் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்த வருடங்கள் வெறும் கடதாசியல்ல. நாட்சம்பளக்காரருக்குப் பணிக்கொடை என்பது சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. நாட்சம்பளத்தை 1,350 ரூபா என்று வைத்தாலே ஒரு வருடம் விடுபட்டால் 18,900 ரூபா போகும். பத்து வருடம் விடுபட்டால் 1,89,000 ரூபா. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று உழைத்த ஒருவருக்கு, ஒரு பதிவேடு காணாமற்போனதால் நடக்கும் நட்டம் இது.

என் அம்மாவின் சேமலாப நிதியை எடுக்கும்போது இதை வீட்டிலேயே பார்த்தேன். அடையாள அட்டையில் முத்துலெட்சுமி, நிதிக் கணக்கில் வெறும் லெட்சுமி, அதுவும் ஆங்கில எழுத்தில் வேறு விதமாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்கி, தோட்ட ஒஃபிஸில் கடிதம் கேட்டு, நிதியை மீளப்பெறும் கே படிவத்தை மறுபடி நிரப்பி அலைந்தோம். பேர் பதியும் அன்றைக்கு ஒருவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். என் பிரிவில் அப்படி ஒரு கோப்பு இருந்தால் அதை ஆண்டு முடிவுச் சரிபார்ப்பிலேயே பிடித்திருப்போம்.

இன்னொரு விசயம், சம்பளம். "உங்களுக்குத்தான் பென்ஷன் இருக்கே" என்ற வசனத்தை நாங்கள் எல்லாரும் கேட்டுவிட்டோம். அது ஏற்கெனவே செய்த வேலைக்கு அரசாங்கம் தருவது. உங்கள் அலுவலகத்தில் நாளைக்குச் செய்யப்போகும் வேலைக்கு அதைக் கழிக்க உங்களுக்கு என்ன உரிமை? வீடு வாடகைக்குக் கொடுத்து வருமானம் வரும் ஒருவரிடம் நீங்கள் இப்படிக் கேட்பதில்லை.

இது என்னோடு முடியும் கதையுமல்ல. அப்போது 2,00,783 ஆக இருந்த இராணுவ ஆளணியை 2024க்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் 1,00,000 ஆகவும் குறைக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சு 2023 ஜனவரியில் அறிவித்தது. வெளியே வருபவர்களில் எழுத்தர்கள், களஞ்சியப் பொறுப்பாளர்கள், சம்பளப் பிரிவில் இருந்தவர்கள் கணிசமாக இருப்பார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயது, இன்னும் பதினைந்து இருபது வருடம் உழைக்கக்கூடியவர்கள். அத்தனை பேருக்கும் கேட் போதாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்.

படையில் இருந்தவர்கள் காவல் பிரிவுக்கு மட்டும் என்று உங்கள் நிறுவனத்தில் எழுத்திலோ வாய்மொழியாகவோ ஒரு வழக்கம் இருந்தால் அதை நீக்குங்கள். விண்ணப்பத்தில் சேவைப் பிரிவு, செய்த பதவி, பார்த்த வேலை என்பவற்றை வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள். சேவைச் சான்றிதழில் ஒரு சொல்லில் எழுதியிருப்பது புரியாவிட்டால் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இராணுவப் பெயர்களை உங்கள் மொழிக்கு மாற்றி எழுதித் தர நாங்கள் தயார்.

அனுபவத்தில் சந்தேகம் இருந்தால் பரீட்சை வையுங்கள். குழப்பமான வரவுப் பதிவேடு ஒன்றையும், பெயர் பொருந்தாத ஐந்து கோப்புகளையும், தமிழிலும் சிங்களத்திலும் எழுதவேண்டிய ஒரு விளக்கக் கடிதத்தையும் மேசையில் வைத்து இரண்டு மணித்தியாலம் கொடுங்கள். பட்டதாரி விண்ணப்பதாரருக்கும் அதையே கொடுங்கள். பிறகு யாரை எடுப்பது என்று பாருங்கள். தேசிய தொழில் தகைமை முறையில், வகுப்பில் இருந்து படிக்காமல் செய்த வேலையை வைத்தே மதிப்பிடும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியில் தகைமை பெற்று வருபவரின் சான்றிதழைப் பக்கத்தில் தள்ளி வைக்காதீர்கள்.

எடுப்பதாக இருந்தால் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் எடுங்கள், அந்தக் காலத்தில் தொழிற்சட்டம் தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். சம்பளத்தைப் பதவிக்குத் தீர்மானியுங்கள், ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மட்டும் இன்னொன்று. அடுத்த ஐந்து வருடத்தில் ஓய்வுபெறப்போகும் தொழிலாளரின் கோப்புகளை இப்போதே எடுத்து, அடையாள அட்டையோடும் சேமலாப நிதிக் கணக்கோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தோட்டத்துக்கு ஒருவரை நியமியுங்கள். அவர் தமிழில் எழுதத் தெரிந்தவராக இருக்கட்டும். படையில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தோட்டத்தில் உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடையில் நிற்கும் பிள்ளையாக இருந்தாலும் சரி. ஒழுக்காற்றுக் கடிதம் எதுவும் இனித் தமிழ்ப் பிரதி இல்லாமல் தொழிலாளியின் கைக்குப் போகவேண்டாம்.

கடைசியாக, எங்களை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில், நாங்கள் விண்ணப்பித்த மொழியில் தாருங்கள். என் விண்ணப்பத்தைப் பெற்ற நிறுவனத்துக்கு இது எதைப் பற்றியது என்று தெரியும். "மேலிடத்து முடிவு" என்று தொலைபேசியில் சொன்னதை ஒரு மாதத்துக்குள் கடிதத்தில் எழுதி, முடிவெடுத்தவரின் பதவிப் பெயரோடு எனக்கு அனுப்புங்கள். அப்படியொரு முடிவு இல்லையென்றால் விண்ணப்பத்தை மறுபடி எடுத்து நேர்முகத்துக்குத் திகதி தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் சார்ஜன்ட் ஒருவர்,
மஸ்கெலியா.